கூட்டம் கேட்காத ஆல்பம்

ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் பிறந்த ராக் குழு ஈரோஸ் தெல் சிலென்சியோ. 1990-இல் வந்த அவர்களது இரண்டாவது ஆல்பம் ஜெர்மனி வரை கொடிகட்டிப் பறந்தது. பாட்டின் பொருள் தெரியாத ஊர்களிலும் அவர்களுக்குக் கூட்டம் சேர்ந்தது. 1996-இல் குழு கலைந்தபோது பாடகர் என்ரிக்கே புன்பரிக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

அதே கிடார் முழக்கம், அதே அடிவயிற்றுக் குரல் என்று இன்னொரு ஆல்பம் போட்டிருந்தால் ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பார்கள். 1997-இல் அவர் தனியாகக் கொண்டுவந்த ‘ராதிகல் சோனோரா’ அப்படி இல்லை. முன்னே நின்ற கிடார் பின்னால் போய்விட்டது. எலெக்ட்ரானிக் தாளம், வெட்டி ஒட்டிய ஒலித்துண்டுகள், நடுநடுவே அரபு இசையின் சாயல். தயாரிப்பில் உடன் நின்றவர் ஃபில் மன்சனேரா. ஈரோஸுக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்ததும் அவர்தான். பழைய ஒலியை உருவாக்கத் தெரிந்த கை பக்கத்திலேயே இருந்தது. தெரிந்தேதான் புன்பரி அதை வேண்டாம் என்றார்.

பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். தங்களை ஏமாற்றிவிட்டதாகவே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்து வருடம் நெஞ்சில் வைத்திருந்த குரல் திடீரென்று வேறு வீட்டில் குடியேறினால் வலிக்கத்தான் செய்யும். ஆல்பமும் குறையற்றது அல்ல. சில பாடல்களில் அந்த வருடத்து ஃபேஷன்தான் தூக்கலாகக் கேட்கிறது.

ஆனால் 1999-இல் வந்த ‘பெக்கேன்யோ’வைக் கேட்டால் அந்த முதல் அடியின் அருமை புரிகிறது. அதில் எலெக்ட்ரானிக் ஒலியையும் அவர் விட்டுவிட்டார். அக்கார்டியனும் வயலினும் வந்தன, மத்தியதரைக் கடலோரத்துப் பாட்டுக் கூடங்களின் வாடை வந்தது. ‘இன்ஃபினிட்டோ’ பாடலில் அவர் கத்தவில்லை. காதலில் தோற்றவன் மதுக்கடை மேசையில் சாய்ந்து சொல்வதுபோல் சொற்களை இழுத்து இழுத்துப் பாடுகிறார். ஈரோஸின் பாடகராகவே நீடித்திருந்தால் இந்தக் குரல் அவருக்கே தெரிந்திருக்காது. கூட்டத்தின் ஆசையை ஒருமுறை மீறிய பிறகுதான் இது வெளியே வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

2007-இல் ஈரோஸ் மறுபடி ஒன்றுகூடி பத்துக் கச்சேரிகள் செய்தது. அது முடிந்ததும் புன்பரி தன் வழிக்கே திரும்பிவிட்டார்.

உங்கள் அபிமானப் பாடகர் நாளைக்குப் பழகாத ஒலியோடு வந்து நின்றால், உடனே கைவிட்டுவிடாதீர்கள். அடுத்த ஆல்பம் வரும்வரையாவது பொறுத்திருங்கள்.