பின்னுக்கு ஆர் இருக்கிறது?

இரண்டு கதவுக் கார் ஒன்று எடுக்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். என்னால் உடனே மறுமொழி சொல்ல முடியவில்லை. ஸ்காபரோவுக்கு வந்த நாள் முதல் நான் எடுத்த ஒவ்வொரு காரையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடுத்தேன். பிள்ளைகளின் சின்ன இருக்கைகள், விமான நிலையத்தில் வந்திறங்கும் மாமி, மாமியோடு வந்திறங்கும் நாலு பெட்டி, கோயிலுக்குக் கொண்டுபோகும் புக்கைச் சட்டி எல்லாம் பின்னுக்குத்தான். இப்போது பிள்ளைகள் இருவருக்கும் சொந்தக் கார். பின் இருக்கை ஒரு வருடமாக வெறுமையாகக் கிடக்கிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எந்தக் கார் என்பது பிறகு. எனக்கென்று ஒன்றை ஆசைப்படலாமா என்பதையே முதலில் தீர்க்க வேண்டியிருந்தது.

தீர்த்து வைத்தது அப்பாவின் பழைய கார். யாழ்ப்பாணத்தில் அவர் ஓடியது ஒஸ்ரின் ஏ40, 1,200 சிசி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலத்தில், காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார். தெருவெல்லாம் அந்தப் புகைமணம். சந்தியில் முதலாம் கியருக்கு இறக்கும்போது கிளச்சை இரண்டு தரம் மிதிப்பார். இடையில் அக்சிலேற்றரை ஒருமுறை தட்டுவார். கியர் சத்தமில்லாமல் விழும். அப்போது அவர் வாயோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். ஷெல்லடியும் அரிசி விலையும் அந்த ஒரு கணம் அவரைத் தொடாது. அதை வீண் ஆசை என்று எவர் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். அந்தச் சிரிப்புத்தான் எனக்கும் வேண்டியிருந்தது.

மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "ஆசைப்பட்டு எடுத்தால் ஆசையா ஓடவேணும். மூடி வைச்சுப் பார்க்கிறதுக்கெண்டால் வேண்டாம்."

பார்த்தது இரண்டு, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. மார்க்கம் நகரில் நின்றது 2014 நிசான் 370 இசட்: 3.7 லீற்றர் வி6, 332 குதிரைவலு. ஏஜாக்ஸில் நின்றது 2017 டொயோட்டா 86: 2 லீற்றர், 205 குதிரைவலு. இரண்டும் ஆறு கியர் மனுவல், இரண்டுக்கும் பின்சில்லு இழுவை. "போக முதல் ஆளுக்குச் சொல்லு தம்பி, ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாமெண்டு. சூடான இஞ்சின் பொய் சொல்லும்" என்றார் அப்பா. எண்பத்தொரு வயதில் அவரும் கூடவே வந்தார்.

மார்க்கத்தில் அவர் பொனற்றில் உள்ளங்கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இளஞ்சூடு. நான் டயர்களைப் பார்த்தேன். பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும்; முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருடம். நாலு டயரும் மூன்று கொம்பனி, மூன்று வயது. எது போகிறதோ அதை மட்டும் மாற்றி ஓடிய கை. ஆனாலும் 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் காலை அழுத்தியபோது முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சு படபடத்தது, உண்மையில் அந்தக் காரை நான் விரும்பினேன். ஆனால் நாலு செக்கனில் காலை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்ராறியோவில் 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வேக எல்லையுள்ள தெருவில் 40 கூடப் போனாலே நின்ற இடத்திலேயே 30 நாளுக்கு லைசென்சும் 14 நாளுக்குக் காரும் கையை விட்டுப் போகும். அந்த 332இல் எத்தனையை நான் எப்போதாவது காணப் போகிறேன்?

இன்னொன்றும் மனதில் நின்றது. கியரை இறக்கும்போது இஞ்சினின் சுற்றை அந்தக் கார் தானே கூட்டிச் சரிசெய்துகொள்கிறது. மிக நுட்பமான வேலைதான். ஆனால் அப்பாவின் சிரிப்பு வரும் இடமும் அதுவேதான்.

ஏஜாக்ஸ் காரின் பொனற் குளிர்ந்து கிடந்தது. விற்றவர் ஒரு தடித்த கோவையை நீட்டினார். ஒவ்வொரு ஒயில் மாற்றம், ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அடியில் அடித்த துருத்தடுப்பு எண்ணெய், எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு. பழைய கார் எடுக்கிறவர் இன்னொருவரின் பழக்கவழக்கத்தையும் சேர்த்தே எடுக்கிறார் என்பதை அந்தத் தாள்களைப் புரட்டும்போது உணர்ந்தேன். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த கார் இது. பிஸ்டன்கள் எதிரெதிராகப் படுத்திருந்து குத்துவதால் இஞ்சின் தாழ்வாக இருக்கும். கனமும் அங்கேயே தங்கும். பிரியஸ் காருக்குப் போடுகிற ரக டயரையே இதற்கும் போட்டு வெளியில் விட்டார்கள். பிடிப்புக் குறைந்த டயரில், குறைந்த வேகத்திலேயே காரின் அசைவு கைக்குத் தெரியும். 4,000 சுற்றை அண்டும்போது இழுவை ஒருமுறை தளர்கிறது. அது குறைதான், மறுக்கவில்லை. அதைத் தாண்டினால் 7,000 வரை பாடிக்கொண்டு போகிறது. அப்போதும் சட்டத்துக்குள்தான் நின்றேன். கியரை இறக்கிச் சுற்றைச் சேர்க்கும் வேலையை அது எனக்கு விட்டுவைத்தது. நான் பிழைவிட்டேன், கார் குலுங்கியது. இருபது வயதில் கற்றிருக்க வேண்டியதை இன்னும் கற்கலாம் என்று அது இடம் கொடுத்ததுபோல் இருந்தது.

அதையே எடுத்தேன். பின்னுக்குப் பெயருக்கு இரண்டு இருக்கை உண்டு. மடித்துவிட்டால் நாலு டயர் அடுக்கலாம். நவம்பரில் பனிக்கால டயர்களை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனேன். 370 இசட் ஒன்று பக்கத்தால் போனால் இன்றைக்கும் கண் அதன் பின்னால் போகிறது.

முதல் ஞாயிறு அப்பாவை முன்னுக்கு ஏற்றினேன். இருக்கை பதிவு, கூரையில் ஒரு கையும் என் தோளில் ஒரு கையுமாக மெல்ல இறங்கி உட்கார்ந்தார். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு வளைவு. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். கார் ஒருமுறை தலையாட்டியது. அப்பாவின் இடது கால் கீழே கம்பளத்தை மிதித்தபடி இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

"கொஞ்சம் கூடக் குடு," என்றார். "பிறகு விடு கிளச்சை."

அடுத்த வளைவு தூரத்தில் தெரிந்தது.