பழுதும் பழியும்

ஒரு பொருள் பழுதுபட்டு நிற்கும்போது நம் உள்ளத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. 'எங்கே பழுது?' என்பது ஒன்று. 'யாரால் வந்தது?' என்பது மற்றொன்று. முதல் வினா பொருளை நோக்கிச் செல்கிறது. இரண்டாவது ஆளை நோக்கிச் செல்கிறது. இவற்றுள் எதை முதலில் கேட்பது என்பது அற்பமான செய்தியாகத் தோன்றலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பழைய சிறு டிராக்டர் ஒன்று நமக்கு வேறு பாடம் கற்பித்தது.

நம் பொறுப்பில் உள்ள தென்னந்தோப்பில் வரிசைகளுக்கிடையே உழுவதற்குப் பெரிய டிராக்டர் நுழையாது. ஆகவே இருபது குதிரைத் திறன் கொண்ட சிறு டிராக்டர் ஒன்றைப் பழையதாகவே வாங்கினோம். பளபளவென்று புது வண்ணம் பூசியிருந்தது. கையேடு இல்லை. எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் என்றோ நின்றுபோயிருந்தது. ஏட்டுக் கல்வியன்றி இயந்திரக் கல்வி சிறிதும் இல்லாத நாம், ஐம்பது வயதைக் கடந்த பின்னர், இத்துறையில் அரிச்சுவடி தொடங்கினோம்.

கற்கத் தொடங்கியபோது வியப்பே மேலிட்டது. ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1893இல் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வழித்தோன்றலே இதுவும். இதில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. உள்ளே இழுக்கப்படும் காற்று மிகக் கடுமையாக அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தத்தால் காற்றே கொதித்துச் சூடேறுகிறது. அச்சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இதன் தேவைகள் சிலவே: தூய காற்று, தூய டீசல், குறையாத அழுத்தம். இவற்றுள் ஒன்று குன்றினாலும் எஞ்சின் அதைத் தன் மொழியில் சொல்லிவிடுகிறது. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது சுமை மிகுந்துவிட்டது. ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உட்புகுந்துவிட்டது. செல்ஃப் எடுக்காவிட்டால் பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

வாரந்தோறும் இவற்றைப் பார்த்தோம். ஆயில் அளவு, ரேடியேட்டர் தண்ணீர், மின்விசிறிப் பட்டையின் இறுக்கம், கிளட்ச் மிதிப்பானின் தளர்வு, சக்கரங்களின் காற்று ஆகிய அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தோம். நல்ல மாணவர் என்று நம்மை நாமே மெச்சிக்கொண்ட காலம் அது.

சோதனை மூன்றாம் மாதத்தில் வந்தது. டிராக்டரை ஓட்டிய இளைஞன் அக்கம்பக்கத்துப் பிள்ளை, அதிகம் பேசாதவன். காலையில் ரோட்டாவேட்டரைப் பூட்டிக்கொண்டு தோப்புக்குள் செல்வான். அரை மணி, முக்கால் மணி கழித்து ஓசை நின்றுவிடும். போய்ப் பார்த்தால் டிராக்டர் வரிசை நடுவே நிற்கும். அவன் மர நிழலில் அமர்ந்திருப்பான். "தானா நின்னுருச்சு சாமி" என்பான். டீசல் டேங்க்கின் மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி நம்மிடம் இருக்கும். நாம் பூட்டைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்போம், இருக்கும். மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே உயிர்பெறும். ஒருமுறையன்று, பலமுறை இவ்வாறே நடந்தது. அவனிடம் நிற்பதும் நம் கைபட்டவுடன் ஓடுவதுமாக இருந்தால் அறிவுள்ள எவரும் என்ன முடிவுக்கு வருவர்?

ஆயினும் உடனே அவனைக் குறை கூறவில்லை. டீசல் ஃபில்டரை மாற்றினோம். குழாயில் காற்று புகுந்திருக்கலாம் என்று திருகைத் தளர்த்திக் குமிழிகள் அடங்கும்வரை கைப்பம்பால் அடித்துக் காற்றை வெளியேற்றினோம். டீசல் பம்பையும் கழற்றி நகரத்துக்கு அனுப்பிச் சரிபார்த்தோம். செலவு ஏறியது, பழுது தீரவில்லை. அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான்: "டேங்க் நிறைய ஊத்தினா சீக்கிரம் நிக்குது சாமி. பாதி ஊத்துவோம். மிச்சம் கேன்லயே இருக்கட்டும்."

இச்சொல் நம் ஐயத்துக்கு எண்ணெய் வார்த்தது. டீசல் குறைந்தால் வண்டி நிற்கும், நிறைந்தால் நிற்குமா? பூட்டிய டேங்க்கில் இருப்பதை எடுக்க முடியாது. கேனில் இருப்பதை எடுக்கலாம் அல்லவா? எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. அன்று மாலை கணக்குத் தீர்த்துக் கொடுத்து, "இனி வரவேண்டாம், தம்பி" என்றோம். காரணம் கேட்டான். டீசலைப் பற்றிய நம் ஐயத்தைச் சொன்னோம். அவன் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு சென்றான்.

பதினொரு நாள் கழித்து, வேறொருவர் ஓட்டும்போதும் அது நின்றது. வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கருவிப்பையைத் திறக்கவே இல்லை. எப்போது நிற்கிறது, எவ்வளவு நேரம் கழித்து, நின்றபின் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூடியைத் திறந்து டீசல் பார்ப்போம் என்றோம். "திறக்கையில உஸ்ஸுன்னு சத்தம் கேக்குமா சாமி?" என்றார்.

கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்டது. சாவி நம்மிடம் இருந்ததால் அச்சத்தத்தைக் கேட்டவர் நாம் மட்டுமே.

டேங்க் மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். டீசல் குறையக் குறைய அத்துளை வழியே வெளிக்காற்று உள்ளே சென்று இடத்தை நிரப்பும். அத்துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி டீசலைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் பட்டினியால் நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று உஸ்ஸென்று புகும்; எஞ்சின் ஓடும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே இருக்கும் காற்றிடம் சிறிது. ஆகவே வெற்றிடம் விரைவில் உண்டாகும். வண்டி சீக்கிரம் நிற்கும். இளைஞன் கண்டு சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

மூடியைத் தளர்த்திவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினார், நிற்கவில்லை. இறுக்கி மூடி ஓட்டினார். அரை மணியில் நின்றது. பின்னர் மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினார். அடைத்திருந்தது விற்பனைக்காகப் பூசிய அந்தப் பளபளப்பான வண்ணமே. உடனே விற்றவரைப் பழித்துரைக்க வாயெடுத்தோம். பெரியவர் தடுத்தார்: "அவரு பெயின்ட் அடிச்சாரு, ஓட்டை அடைஞ்சது அவருக்கே தெரிஞ்சிருக்காது. மாசத்துக்கு ஒருதடவ மூடியத் தொடச்சிருந்தா நீங்களே பாத்திருப்பீங்க சாமி."

வாசகர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்றுப் பகுத்து நோக்குவோம்.

முதலாவது, பழி ஏன் இவ்வளவு எளிதாக நம்மை ஆட்கொள்கிறது? அது விளக்கம்போல் வேடமிட்டு வருகிறது. 'அவன் சோம்பேறி' என்று சொன்னவுடன், நிற்பது, நிழலில் அமர்வது, நாம் வந்ததும் ஓடுவது அனைத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டதாக மனம் நிறைவடைகிறது. தேடலும் அங்கே நின்றுவிடுகிறது. மருந்து பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுக்கும் ஒழுங்கில் நோயும் அதன் காரணமும் முதலில் வருகின்றன. தணிக்கும் வழி பின்னரே வருகிறது. நாமோ காரணத்தின் இடத்தில் ஒரு மனிதனை நிறுத்திவிட்டு, அவனை நீக்குவதையே மருந்தாகக் கொண்டோம். பழுது டிராக்டரிலேயே இருந்தது.

இரண்டாவது, சோதிப்பவன் சோதனைக்கு வெளியே நிற்பதில்லை. டீசலைப் பார்க்கத் திறந்த நம் கையே பழுதைத் தற்காலிகமாகத் தீர்த்துவந்தது. அதனையே அவனுக்கு எதிரான சான்றாகக் கொண்டோம். அதிகாரம் உடைய எவருக்கும் இவ்வாபத்து உண்டு. தலைமையாசிரியர் நுழைந்ததும் வகுப்பு அமைதியாகிறது. முதலாளி வந்ததும் வேலை விரைகிறது. 'நான் இருக்கும்போது எல்லாம் சரியாகவே நடக்கிறதே' என்று அவர்கள் எண்ணுவர். அவர்கள் இல்லாதபோது நிகழ்வதை அறிய, அங்கே இருப்பவனைக் கேட்பதன்றி வேறு வழியில்லை.

மூன்றாவது, அறியாமை நம்மை மன்னிக்கிறதா? 'புதிதாகக் கற்பவர்தாமே, ஊசித்துளையைப் பற்றி எப்படித் தெரியும்?' என்று நண்பர் ஒருவர் தேற்றினார். 1274இல் மறைந்த தோமா அக்குவினார் இதில் நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். முயன்றாலும் அறிய இயலாதவற்றை அறியாதிருப்பது குற்றமன்று. அறியக் கூடியதும் அறியக் கடமைப்பட்டதுமான ஒன்றை அசட்டையால் அறியாதிருப்பதே குற்றம். இவ்வளவைக் கொண்டு நம்மை அளந்து பார்த்தோம். மூடியில் துளை உண்டு என்பதை அறியாதது தொடக்கக்காரரின் அறியாமை. அதற்கு மன்னிப்பு உண்டு. ஆனால் அந்த இளைஞன் டேங்க் நிறைந்தால் நிற்கிறது என்றபோது, 'அது எப்படி? நாளை பாதி ஊற்றி ஓட்டிப் பார்ப்போம்' என்று கூற இயந்திரக் கல்வி எதுவும் தேவையில்லை. ஒரு நாள் பொறுமை போதும். ஃபில்டரையும் பம்பையும் சோதித்த நாம், அவன் சொல்லை மட்டும் சோதிக்காமலே தள்ளினோம். அவ்வறியாமைக்கு மன்னிப்பு எளிதன்று.

'அப்படியாயின் எவரையும் எதற்கும் பொறுப்பாக்கக் கூடாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயில் இல்லை என்று அறிந்தும் ஓட்டுபவன், சூடான ரேடியேட்டரின் மூடியைப் பிறரைக் கொண்டு திறக்கச் செய்பவன், சுழலும் தண்டின் காப்பு மூடியை வசதிக்காகக் கழற்றி எறிபவன் ஆகியோர் கண்டிக்கப்பட வேண்டியவர்களே. பழியே கூடாது என்பதன்று நம் கருத்து; வரிசை மாறக் கூடாது என்பதே. பழுதைக் கண்ட பின்னர் அதில் மனிதனின் பங்கு என்னவென்று கேட்பது நீதி. மனிதனை முதலில் தீர்த்துவிட்டுப் பழுதைப் பிறகு தேடுவது அநீதி. அதனால் இயந்திரமும் ஓடுவதில்லை.

பெரியவர் சொன்ன மற்றொன்றையும் மறக்கலாகாது. பழைய பொருளை வாங்குபவர், முன்னவரின் கவனக்குறைவையும் சேர்த்தே வாங்குகிறார். அதற்கு அவர் காரணரல்லர். ஆயினும் இனி அவரே பொறுப்பாளர். டிராக்டருக்கு மட்டுமா இது பொருந்தும்? நம் வீடு, ஊர், நிறுவனங்கள் யாவும் பழையவையாகவே நம் கைக்கு வந்தவை. பழியில்லாத பொறுப்பு என ஒன்று உண்டு. முன்னிருந்தவரைத் திட்டிக்கொண்டே காலம் கழிப்பவர் அதனை ஏற்க மறுப்பவர்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயின் முன்னிலையில் நம் தவற்றை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பதினொரு நாள் கூலியையும் கொடுத்தோம். ஊரில் எவரெவரிடம் ஐயத்தைப் பகிர்ந்திருந்தோமோ அவர்கள் ஒவ்வொருவரிடமும் சென்று அது பொய் என்று கூறினோம். "பரவால்ல சாமி" என்றான். அடுத்த வாரமே வேலைக்கும் திரும்பினான்.

டிராக்டர் இன்று நன்றாக ஓடுகிறது. குறிப்பேட்டில் 'மூடியின் துளை' என ஒரு வரி சேர்ந்திருக்கிறது. மாதந்தோறும் துடைக்கிறோம். டேங்க்கின் சாவியை அவனிடமே ஒப்படைத்துவிட்டோம். ஆயினும் டீசல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் அவன் நம்மை அழைக்கிறான். கேனில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு ஊற்றினான், எவ்வளவு மிச்சம் என்று காட்டிவிட்டே செல்கிறான். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். அவன் நிறுத்தவில்லை.

மூடியில் இருந்த அடைப்பை ஒரு கம்பி நொடியில் நீக்கிவிட்டது. நாம் அவன் உள்ளத்தில் வைத்த அடைப்பை நீக்கும் கம்பி நம்மிடம் இல்லை. அவன் அழைக்கும்போதெல்லாம் சென்று, பார்த்து, தலையசைத்து வருகிறோம். இப்பராமரிப்புக்கு எத்தனை மாதம் ஆகுமோ, அத்தனை மாதமும் செய்வதே நம் கடன்.