வேடர் என்னும் சொல்

திருச்சிற்றம்பலம்

மெய்யன்பர்காள்! சென்ற மார்கழியில் அன்பர் சிலர் அழைப்பினை ஏற்று, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமேல் ஏறி, பெரக்கரை நாட்டை அடைந்தோம். ஆண்டு ஒரு சிறு கோயிலின் முன்றிலில் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரப் பொருளை விரித்துரைக்கலானோம். ஐம்புலன்களை வேடராக உருவகித்து, அவரிடைத் தன்னை மறந்து வளர்ந்த அரசகுமாரனாக உயிரைக் கொண்டு, முதல்வனே குருவாய் வந்துணர்த்த அஃது அரன்கழல் சாருமாற்றை உணர்த்துவது அச்சூத்திரம். கேட்போர்க்கு எளிதின் விளங்கல்வேண்டும் என்னும் விருப்பால், மூலத்தில் இல்லாத அடைமொழிகள் பலவற்றை யாமே கூட்டினோம். காட்டான், முரடன், குளியாதவன், நாகரிகம் அறியாதவன் என வேடர்மேல் அடுக்கிக்கொண்டே போயினோம். கீழ்நாட்டு ஊர்களில் இவ்விடம் வந்துழி அவையினர் நகைப்பது வழக்கம். ஆண்டு ஒருவரும் நகைத்திலர்.

சொற்பொழிவு முடிந்தபின் முதியவர் ஒருவர் அணுகித் திருநீறு பெற்றுக்கொண்டு, "ஐயா, கண்ணப்ப நாயனாருக்கு எந்த ஊர்?" என்று வினவினார். "பொத்தப்பி நாட்டு உடுப்பூர்" என்றோம். "அதுவும் மலைக்காடுதானே, ஐயா?" என்றார். ஆமென்றோம். "எங்களைக் கீழே இருப்பவர்கள் காட்டான் என்றுதான் சொல்லுவார்கள். தாங்களும் அதையே சொன்னீர்கள், அதனால் கேட்டேன்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. பின்பு எம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று சாமைச் சோறும் தேனும் இட்டார். அவ்வுணவு எமக்கு எளிதின் இறங்கிற்றிலது.

நாற்பதாண்டு நூல் பயின்ற எமக்கு அவர் வினாவிய வினாவுக்கு விடை தெரியும். ஆயினும் அவ்வினா எம்முள்ளத்தில் ஏன் எழவில்லை என்பதே அன்றிரவு எம்மை வருத்திற்று. அதனை ஈண்டு ஆராய்வாம்.

காடு என்பதற்கு மறுதலை நாடு. கொல்லிமலையோ நாடுகளால் ஆயது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, பெரக்கரை நாடு எனப் பதினான்கு நாடுகள் ஆண்டு உள. தம் ஊரை நாடென்றே வழங்கும் மக்களைக் காட்டார் என்பது நம் வாய்ப்பிழையேயாம். அவர்க்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்வோர் என்பது பொருள். கேரளத்தாரைச் சுட்டும் அப்பெயரோடு இதனை மயக்கிப் பிறமொழியாளர் என்பாரும் உளர். அவர் பேசுவது தமிழே; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர் வழிவழிச் செய்தி. காஞ்சியினின்று வந்த தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்பதற்கு அவர் மலையேறியது ஒன்றே காரணம் போலும்!

நாகரிகம் என்னும் சொல் நகரத்தினின்று பிறந்தது. உரோமர் மொழியிலும் ஊர்ப்புறத்தானைக் குறித்த 'பகானுஸ்' என்னும் சொல்லே பிற்காலத்துத் தம் சமயம் சாராதானைக் குறிக்கலாயிற்று. இருந்த இடத்தைச் சுட்டிய பெயர் அறிவின்மேலும் ஒழுக்கத்தின்மேலும் ஏற்றப்படும் இப்பிழை எந்நாட்டிலும் உண்டு போலும். காலத்தைச் சுட்டியும் இங்ஙனம் இகழ்வர். பழைய முறையில் நிற்பானைக் 'கர்நாடகம்' என்பது நம் வழக்கு. அதனையே புனைபெயராகப் பூண்டு ஆடல் பாடல்களை ஆராய்ந்தெழுதினார் கல்கி; இகழ்ச்சிச் சொல்லை எடுத்து அணிந்துகொள்வதும் ஒரு விடைதான். சாமைச் சோற்றை ஏழைமைக்கு அடையாளமாக எண்ணிய நகரத்தார், 2023-ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் அதனையே விலைகொடுத்துத் தேடியதும் கண்டோம்.

திருவள்ளுவரோ நாகரிகம் என்னும் சொல்லை நகரத்தோடு பிணித்திலர். கண்ணோட்டம் என்னும் 58-ஆம் அதிகாரத்து இறுதிக் குறளில், பழகியவர் நஞ்சு பெய்யக் கண்டும் அதனை உண்டு அமைவாரிடத்தே அச்சொல்லை வைத்தார். பரிமேலழகரும் அதற்குக் கண்ணோட்டம் என்றே பொருள் கொண்டார். நஞ்சுண்ட கண்டனை வழிபடும் நமக்கு இதனினும் அணுகிய பொருள் வேறு யாது? எம் வாயினின்று வந்த சொல்லைக் கேட்டும் எமக்குச் சோறிட்ட முதியவரிடத்து அந்நாகரிகம் இருந்தது. சூத்திரம் விரித்த எம்மிடத்து அவ்வேளை இருந்திலது.

அம்மலைக்கு இது புதிதன்று. கொல்லிக்குரிய வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்று 152-ஆம் பாட்டிற் காட்டுமாறு நோக்குக. ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைக் காட்டிடைக் கண்ட பாணர், இவன் கூலிக்கு வேட்டையாடுவான் அல்லன், யாவனோ என ஐயுற்றுப் பாடினர். பாட்டிடையே தன் பெயர் கேட்டு நாணிய அவன், ஊனும் பொன்னும் அளித்தான். வேடக்கோலத்தினுள் கொடையைக் காண அப்பாணர்க்குக் கண் இருந்தது. அம்மலையின் அறப்பள்ளி வைப்புத்தலமாகப் போற்றப்படுவதும், வாகீசர் திருவதிகையில் அருளிய முதற் பதிகத்தின் பண் கொல்லி என்னும் பெயரினதாதலும் நம்மவர் அறிவர். பண்ணின் பெயராகக் கேட்டுழி உருகும் நாம், மலையின் பெயராகக் கேட்டுழி முகஞ்சுளித்தல் எவ்வாறு பொருந்தும்?

இனிக் கண்ணப்பர்பாற் செல்வாம். சிவகோசரியார் சீலத்திற் குறைந்தாரல்லர். ஆகமவழி பிழையாத அந்தணர். திருமுன் ஊன் கிடக்கக் கண்டு அவர் கலங்கியதும் வேடரைக் குறைகூறியதும் அன்பின் மிகுதியாலேயே. ஆயினும் இறைவன் கனவில் தோன்றி, அவனை அவ்வாறு எண்ணற்க என விலக்கி, அவன் முழுதும் அன்பே எனத் தெளிவித்தான். மறைந்து நின்று காணுமாறும் பணித்தான். திண்ணனார்க்குக் கற்பித்தற்கு முன்னர்ச் சிவகோசரியார்க்கே கற்பித்தான் என்பது ஊன்றி உணரற்பாலது. சேக்கிழார் பெருமான் திண்ணனாரோடு வேட்டையில் உடன்சென்ற இருவரின் பெயரையும் விடாது பதித்துள்ளார். நாணன் ஒருவர், காடன் ஒருவர். காடன் என்பது அப்புராணத்து ஓர் இயற்பெயர், வசைச்சொல்லன்று.

"அற்றேல், மெய்கண்டதேவர் வேடர் என்றது என்னை?" எனின், அஃது உருவகம். சூத்திரத்துச் சொல்லை மாற்றுவார் யாருமிலர். மாற்றல் வேண்டுவதும் இன்று. அரசகுமாரனுக்கு நேர்ந்த குறை காட்டில் இருந்தமை அன்று. தன்னை மறந்த அயர்ச்சியே. அரண்மனையுள் இருந்து அயர்ந்தானும் அவ்வேடரிடை வளர்ந்தவனே. சகலர்க்கு மும்மலமும் உள எனப் பாடம் சொல்லும் நாம், மலத்தை அடிவாரத்திற்கு மேல் மிகுத்தும் கீழ் குறைத்தும் வைத்தல் எவ்விதிப்படி? ஐம்புல வேடர் குடியிருப்பது எம்முடம்பினுள். அவையின் நகைப்பை விரும்பி யாம் அடைமொழி அடுக்கிய அப்பொழுது, செவி என்னும் வேடன் எம்மைப் பற்றியிருந்தான். அவனைத்தான் சூத்திரம் சுட்டிற்று. யாமோ எதிரே தரைமேல் அமர்ந்திருந்தோரைச் சுட்டினோம்.

எம்மொடு பயின்ற புலவர் ஒருவர் இதனைக் கேட்டு, "ஒரு சொல்லுக்கு இத்துணைக் கலக்கமா?" என்றார். அவரும் ஒருமுறை பெரக்கரை நாட்டில் அச்சூத்திரத்தை விரித்துவிட்டு வரட்டும், பின்னர்ப் பேசுவோம்.

வரும் மாசி மகாசிவராத்திரிக்கு அன்பர்கள் மீண்டும் அழைத்துள்ளனர். அதே சூத்திரத்தையே எடுத்துக்கொள்வதாக எழுதிவிட்டோம். அடைமொழிகளைக் கீழேயே விட்டு ஏறுவோம் என்றும், அம்முதியவரை முன்னே அமர்த்துதல் வேண்டுமென்றும் உடன் எழுதியுள்ளோம்.

திருச்சிற்றம்பலம்