திருடனிடம் திருடினால் யாருக்கு நஷ்டம்?

திருடனிடமிருந்து திருடினால் அது தப்பா? கேட்டவுடனே "தப்புதான், இதில் என்ன சந்தேகம்?"ன்னு சொல்லிவிடுவோம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். போதைப்பொருள் விற்றுச் சம்பாதித்த பணம். அதை அரசாங்கம் பறிமுதல் செய்துவிட்டது. "என் பணம்"னு சொல்லிக்கொண்டு யாரும் வந்து நிற்கப் போவதில்லை. அதிலிருந்து ஓர் அதிகாரி கொஞ்சம் எடுத்துக்கொண்டால் அழப்போவது யார்? என் வகுப்பு நண்பர்கள் சிலரிடம் இதைக் கேட்டேன். ஒருவன் யோசிக்காமலேயே, "யாருக்கும் நஷ்டம் இல்லையே, அப்புறம் என்ன?"ன்னான். அவன் கெட்டவன் இல்லை. கடன் வாங்கிய ஐந்து வெள்ளியைக்கூட மறக்காமல் திருப்பிக் கொடுப்பவன். அவனே அப்படிச் சொன்னதால்தான் இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை.

கற்பனையாகப் பேச வேண்டாம். இப்படி உண்மையிலேயே நடந்திருக்கிறது.

சில்க் ரோடு என்ற இணையச் சந்தை 2011-ல் தொடங்கியது. முக்கியச் சரக்கு போதைப்பொருள். பணம் செலுத்துவது பிட்காயினில். அதை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் 2013 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் கைதானார். அதற்கு முன்பே பால்டிமோர் நகரில் ஒரு தனிப்படை அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. அந்தப் படையில் இருந்த இருவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போதைத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.வைச் சேர்ந்த கார்ல் ஃபோர்ஸ். இன்னொருவர் சீக்ரெட் சர்வீஸைச் சேர்ந்த ஷான் பிரிட்ஜஸ். பிரிட்ஜஸுக்குக் கணினிதான் சிறப்புத் துறை.

2013 ஜனவரியில் சில்க் ரோட்டுக்கு வேலை செய்த ஒரு நிர்வாகி பிடிபட்டார். அவர் விசாரணைக்கு ஒத்துழைத்தார். தன் கணக்குக்குள் எப்படி நுழைவது, மற்றவர்களின் பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்றெல்லாம் காட்டிக்கொடுத்தார். பிரிட்ஜஸ் அதே வழியில் உள்ளே போய் சுமார் 20,000 பிட்காயினை எடுத்துக்கொண்டார். அன்றைய விலைக்கு அது சுமார் 350,000 டாலர். ஜப்பானில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் பரிமாற்ற நிலையம் வழியாக விற்றபோது 820,000 டாலராக அவர் கைக்கு வந்தது. அது வந்து சில நாளிலேயே, அதே மவுண்ட் காக்ஸின் கணக்குகளைப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்தில் ஆணை கேட்டவரும் அவர்தான். (இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.)

சரி, யாருக்கு நஷ்டம்? போதை வியாபாரிகளுக்குத்தானே?

கதை அங்கே முடியவில்லை. பணம் காணாமல் போனதை உல்பிரிக்ட் கவனித்தார். அந்த நிர்வாகியின் கணக்கு வழியாகப் போயிருந்ததால் அவர்தான் எடுத்தார் என்று நம்பினார். இணையத்தில் தனக்குப் பழக்கமான ஒரு கடத்தல்காரரிடம், அவரைக் கொன்றுவிடச் சொல்லி 80,000 டாலர் கொடுத்ததாக வழக்கு ஆவணங்கள் சொல்கின்றன. அந்தக் கடத்தல்காரர் உண்மையில் மாறுவேடத்தில் இருந்த கார்ல் ஃபோர்ஸ். அதனால் கொலை நடக்கவில்லை. கொன்றது மாதிரி படம் எடுத்து அனுப்பினார்கள். கொலை ஏற்பாட்டுக் குற்றச்சாட்டு பிறகு விசாரணைக்கு வராமலேயே தள்ளுபடி ஆனது.

மறுமுனையில் இருந்தவர் உண்மையான கடத்தல்காரராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓர் அதிகாரி எடுத்த பணத்துக்கு இன்னொரு மனிதன் உயிரைக் கொடுத்திருப்பான். "யாருக்கும் நஷ்டம் இல்லை" என்று சொல்லும்போது நாம் பணத்தை மட்டும்தான் எண்ணுகிறோம், பழியை எண்ணுவதில்லை. பணம் காணாமல் போனால் பழி சும்மா காற்றில் நிற்காது, யார் தலையிலாவது இறங்கும். பெரும்பாலும் ஏற்கனவே குற்றவாளி என்று பெயர் வாங்கியவன் தலையில். அவன் "நான் எடுக்கலை"ன்னு சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

ஃபோர்ஸும் சும்மா இருக்கவில்லை. வேறொரு புனைபெயரில் விசாரணை ரகசியங்களை உல்பிரிக்டுக்கே விற்றார். இருவரும் பிடிபட்டார்கள், 2015-ல் ஃபோர்ஸுக்கு 78 மாதம், பிரிட்ஜஸுக்கு 71 மாதம் சிறை. இவர்கள் மீதான குற்றச்சாட்டு 2015 மார்ச் இறுதியில்தான் பொதுவில் வந்தது. உல்பிரிக்டைக் குற்றவாளி என்று ஜூரிகள் பிப்ரவரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். தங்கள் முன்னால் நடந்த வழக்கின் பின்னணியில் இப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்று அந்த ஜூரிகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சந்தேகம் ஒட்டிக்கொண்டது; இன்றுவரை போகவில்லை.

பிரிட்ஜஸின் இரண்டாவது திருட்டுதான் என்னை அதிகம் உலுக்கியது. இந்த முறை அது அரசாங்கமே பூட்டி வைத்திருந்த பணம். 2014 நவம்பரில் பிட்ஸ்டாம்ப் நிலையத்திலிருந்து பறிமுதல் செய்த சுமார் 1,600 பிட்காயின் சீக்ரெட் சர்வீஸின் வாலெட்டில் இருந்தது. பிரிட்ஜஸ் வேலையை விட்டுப் போய், வழக்கில் சிக்கிய பிறகும் அந்த வாலெட்டின் பிரைவேட் கீ அவரிடம் இருந்தது. 2015 ஜூலையில், வழக்கு இன்னும் முடியாத நேரத்தில், அந்தப் பணத்தை நகர்த்திவிட்டார்.

கீ அவரிடம் இருக்கலாம், பணத்தை உடனே வேறு வாலெட்டுக்கு மாற்றுங்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் சீக்ரெட் சர்வீஸுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மாற்றவில்லை. பணம் போனது எப்போது தெரிந்தது? பாதிக்கப்பட்டு உரிமை கோரியவர்களுக்கு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டபோதுதான். திறந்து பார்த்தால் காலி. ஆக, "யாரும் வந்து நிற்கப் போவதில்லை" என்பதும் பொய். ஆட்கள் வந்து நின்றார்கள். பிரிட்ஜஸ் சிறைக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 2016 ஜனவரியில், மறுபடி கைது செய்யப்பட்டார். இன்னும் 24 மாதம் கூடியது.

இங்கே ஒரு பொறியியல் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பறிமுதல் என்றாலே நம் மனசில் ஒரு பொருள் வருகிறது. சாலைப் போக்குவரத்து இலாகா ஒரு காரை இழுத்துக்கொண்டு போய் வளாகத்தில் நிறுத்திப் பூட்டிவிட்டால் கார் அங்கேதான் இருக்கும். பிட்காயின் அப்படி இல்லை. வாலெட் என்பது பெட்டி இல்லை. பணம் இருப்பது உலகம் முழுக்கப் பகிர்ந்து வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்குப் புத்தகத்தில். அதை நகர்த்தும் அதிகாரம் ஒரு நீளமான ரகசிய எண்ணில், அதாவது பிரைவேட் கீயில் இருக்கிறது. அந்த எண்ணை ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டவன் கையிலும் சாவி இருக்கிறது. வேலையை விடும் அதிகாரி துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கலாம், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம். தெரிந்துகொண்டதை எப்படித் திருப்பிக் கொடுப்பான்? அதனால் ஒருவர் போனவுடனே பணத்தைப் புதிய கீ உள்ள வாலெட்டுக்கு மாற்றுவதுதான் பூட்டை மாற்றுவது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைச் செய்யாததற்கு யார் பதில் சொன்னார்கள் என்று எந்தத் தீர்ப்பிலும் நான் படித்ததில்லை. திருடியவருக்குத் தண்டனை கிடைத்தது, சரி. கதவைத் திறந்து வைத்தவர்களுக்கு?

பொதுப் பணத்தில் பொறுப்பு என்பதை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்னு தோணுது. எடுத்தவனைப் பிடித்தால் போதும், கணக்கு முடிந்தது.

இதே மாதிரி ஒன்று இங்கிலாந்திலும் நடந்தது. சில்க் ரோடு 2.0 என்ற வாரிசுச் சந்தையை நடத்திய தாமஸ் வைட் 2014-ல் கைதானார். அவரிடமிருந்து 97 பிட்காயினைத் தேசியக் குற்றத் தடுப்பு முகவையான என்.சி.ஏ. கைப்பற்றியது. 2017 மே மாதம் அதில் 50 காணாமல் போனது. அன்றைக்குச் சுமார் 60,000 பவுண்டு. வைட்டே எப்படியோ எடுத்துவிட்டார் என்று அங்கே முடிவு கட்டினார்கள். கணினியில் கைதேர்ந்தவர், இணையக் குற்றவாளி. வேறு யார் எடுத்திருப்பார்கள்? பணத்தைத் தடம் பிடிக்க முடியாது என்று கணக்கையும் மூடிவிட்டார்கள்.

எடுத்தது அந்த விசாரணையிலேயே வேலை செய்த என்.சி.ஏ. அதிகாரி பால் சௌல்ஸ். வைட்டின் கணக்கு விவரங்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அவருடைய அலுவலகத்திலேயே கிடைத்தன. 2025 ஜூலையில் லிவர்பூல் நீதிமன்றம் அவருக்கு ஐந்தரை ஆண்டு சிறை விதித்தது. அப்போது அந்த 50 பிட்காயினின் மதிப்பு 44 லட்சம் பவுண்டுக்கு மேல். அவர் திருடியது அறுபதாயிரமா, நாற்பத்து நான்கு லட்சமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய கேள்வியாகத் தெரியவில்லை. தொகை சின்னதாக இருந்தபோது எடுத்ததும் அதே கைதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இந்தத் திருட்டை முதலில் சொன்னது யார்? தாமஸ் வைட். என் வாலெட்டின் கீ என்.சி.ஏ.விடம் மட்டும்தான் இருந்தது, அதனால் உள்ளே இருக்கும் யாரோதான் எடுத்திருக்க வேண்டும் என்று 2022-ல் அவர் மெர்சிசைட் போலீசிடம் சொன்னார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறையப் பொய் சொல்வார்கள். "போலீஸ்தான் எடுத்தாங்க"ன்னு ஆளுக்கு ஆள் சொன்னால் எல்லாவற்றையும் துருவிக்கொண்டிருக்க முடியுமா? உண்மைதான். ஆனால் வைட்டை நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சரிபார்க்கத்தான் வேண்டியிருந்தது. நம்புவதற்கு ஆளின் குணம் தெரிய வேண்டும். சரிபார்க்க அது தேவையில்லை, கணக்கு மட்டும் போதும். கீ யார் யாரிடம் இருந்தது, பணம் எந்தத் தேதியில் நகர்ந்தது என்ற கேள்விகளுக்கு நல்லவன் கேட்டாலும் கெட்டவன் கேட்டாலும் ஒரே பதில்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதைச் சரிபார்த்தது வேறொரு போலீஸ் படை. அமெரிக்காவிலும் பிரிட்ஜஸையும் ஃபோர்ஸையும் பிடித்தது பால்டிமோர் ஆட்கள் இல்லை. சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞர்களும், பிட்காயின் தடத்தைப் பின்தொடர்ந்த வருமான வரித் துறைப் புலனாய்வாளர்களும்தான். கூடவே உட்கார்ந்து டீ குடிக்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது கெட்ட குணம் இல்லை, மனித இயல்பு. ஆனால் அந்த இயல்பை நம்பிப் பொதுப் பணத்தை வைக்க முடியாது.

"அப்படின்னா எங்களை நம்பலையா?"ன்னு கேட்பார்கள். அதிகாரிகள் மட்டுமில்லை, நம்ம சங்கங்களிலும் கணக்குக் கேட்டால் முதலில் வரும் வார்த்தை இதுதான். கோயில் உண்டியலைப் பலர் முன்னிலையில் திறந்து எண்ணுகிறார்கள். எண்ணுபவர்கள் திருடர்கள் என்பதாலா? நாளைக்கு ஏதாவது குறைந்தால் நேர்மையானவன் மேல் பழி வரக் கூடாது என்பதற்காகவும்தான். பிட்காயினில் இதற்கு மல்டிசிக் என்று ஒரு முறை இருக்கிறது. மூன்று பேரிடம் மூன்று கீ. குறைந்தது இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. பிரிட்ஜஸ் திருடிய காலத்திலேயே இருந்தது. அப்படி இருந்திருந்தால் அந்த அலுவலகத்தில் வேலை செய்த மற்ற எல்லோரும் சந்தேகப் பார்வையிலிருந்து தப்பியிருப்பார்கள். ஆனால் 2022-ல்கூட, பறிமுதல் செய்த கிரிப்டோவை நிர்வகிக்கும் அமெரிக்க மார்ஷல் சேவையைத் தணிக்கை செய்த நீதித்துறை ஆய்வாளர், அங்கே முறையான கட்டுப்பாடு இல்லாத விரிதாள்களில் கணக்கு வைத்திருப்பதைக் குறை சொன்னார். நம்ம மாணவர் சங்கத்துப் பொருளாளர் எக்செல்லில் கணக்கு வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்குறளில் கள்ளாமை அதிகாரம் எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? இல்லறவியலில் இல்லை. துறவறவியலில், கூடாவொழுக்கத்துக்கு அடுத்ததாக இருக்கிறது. கூடாவொழுக்கம் என்பது துறவி வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வேறு மாதிரி வாழ்பவர்களைப் பற்றியது. சாமானியத் திருடனை விட, பார்த்தவுடனே நாம் நம்பிவிடும் உடுப்பில் இருப்பவனுக்கு இந்த எச்சரிக்கை அதிகம் தேவை என்று வள்ளுவர் நினைத்தாரோ என்னவோ. உரையாசிரியர்கள் வேறு காரணம் சொல்லலாம். எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசாங்கப் பணத்தைக் கையாடும் வழிகள் 40 என்று பட்டியல் போடுகிறது. அவர் காலத்தில் கணக்குப் புத்தகம் அதிகாரியின் கையில் இருந்தது; எழுதியதை அழிக்கலாம், மாற்றலாம். பிட்காயினில் அது முடியாது. வைட்டின் வாலெட்டிலிருந்து 50 பிட்காயின் வெளியே போன பதிவு 2017-லிருந்தே பிளாக்செயினில் இருக்கிறது. பிறகு பிட்காயின் ஃபாக் என்ற கலப்பு நிலையத்தில் போட்டுத் தடத்தைக் குழப்பினாலும், வெளியே போன தேதியையும் நேரத்தையும் யாராலும் அழிக்க முடியவில்லை. கீ யாரிடம் இருந்தது என்ற கேள்வியோடு அந்தத் தேதியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஐந்து வருடம் கழித்து அதைக் கேட்டது, அரசாங்கம் யாரைத் திருடன் என்று எழுதி வைத்திருந்ததோ அவரேதான்.