'மேடம்' என்னும் சொல்லும் மனையாளின் மாண்பும்

அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பெண்மணிகளை 'மேடம்' என்று விளிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தின் வழியே நம்மை வந்தடைந்த இச்சொல் பிரெஞ்சு மொழியில் பிறந்தது. அங்கே 'மதாம்' என்றால் 'என் தலைவியே' என்பது பொருள். இதன் வேரோ இலத்தீன் மொழியில் உள்ளது. 'தோமுஸ்' என்பது வீடு. அதனை ஆள்பவள் 'தோமினா'. அரபியில் இல்லத்தரசியை 'ரப்பத்துல் பைத்' என்கிறோம். தமிழிலோ 'இல்லாள்' என்றால் மனையாள். 'இல்லான்' என்றால் ஏதுமற்றவன்! வீட்டின் தலைமை பெண்ணுக்குரியது என்பதில் மும்மொழிகளும் ஒன்றுபடுகின்றன.

ஆயினும், சொல்லின் உயர்வு மட்டும் பெண்ணின் மானத்தைக் காத்துவிடுமா? பிரான்சு நாட்டில் மணமானவள் 'மதாம்', மணமாகாதவள் 'மத்மொசேல்' எனப் பிரித்தழைத்தார்கள். ஆடவனோ, மணமாயினும் ஆகாவிடினும் 'மொசியே'தான். பெண் மட்டும் தன் மணநிலையை ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு அரசு தன் படிவங்களிலிருந்து 'மத்மொசேல்' என்பதை நீக்க ஆணையிட்டது. ஆங்கிலத்திலோ சீமாட்டியைக் குறித்த அதே சொல், விலைமாதர் விடுதி நடத்துபவளுக்கும் பெயராயிற்று. சொல்லை உயர்த்துவதும் தாழ்த்துவதும் மனிதரின் உள்ளமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'வீட்டை ஆள்பவள்' என்று பொருள்படும் சொல்லை அலுவலகத்து அதிகாரிக்குப் பணிவோடு வழங்குகிறோம். உண்மையிலேயே வீட்டை ஆள்பவளை நாம் எப்படி அழைக்கிறோம்? 'ஏய்', 'இவளே' என்பவைதாமே பல வீடுகளில் கேட்கும் குரல்! அஞ்சும் இடத்தில் மரியாதை, அஞ்சாத இடத்தில் அலட்சியம் என்றால், அந்த மரியாதை பெண்மைக்கு உரியதன்று, பதவிக்கு உரியது.

பெண் தன் கணவனின் இல்லத்திற்கும் மக்களுக்கும் பொறுப்பாளி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஸஹீஹுல் புகாரி எடுத்துரைக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைச் சுருக்கி, 'யா ஆயிஷ்' என்று அன்பொழுக அண்ணலார் அழைத்ததையும் அந்நூலிலேயே காண்கிறோம். அது பட்டமன்று, பெயர்தான். ஆனால் அதில் கனிவு இருந்தது.

எனவே, புதிய பட்டங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இன்று மாலை வீடு திரும்பி, கதவருகே நின்று ஸலாம் சொல்லி, அவளைப் பெயர் சொல்லிக் கனிவோடு அழைப்போம். நம் மரியாதை மெய்யானதா என்பதை அந்த ஒரு விளியே நமக்கு உணர்த்திவிடும்.