இணைகருவி மாற்றமும் முதுமையின் அறமும்

மனிதன் கருவிகளைப் படைத்தான். கருவிகள் அவனது வாழ்வை மாற்றியமைத்தன என்பது வரலாறு கற்போர் யாவரும் அறிந்ததே. ஆயின் கருவிக்கும் அதனைக் கையாள்பவனுக்குமிடையே உள்ள வேறுபாடொன்று அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. கருவி தேயும்; தேய்ந்த உறுப்பைக் கழற்றிப் புதியதொன்றைப் பொருத்தலாம். மனிதனோ மூப்படைகிறான், மூப்பைக் கழற்றி வைக்க வழியில்லை. தன்னால் இயலாததாகிவரும் வேலையை முதியவர் ஒருவர் எவ்வாறு கைக்கொள்ள வேண்டும், எப்பொழுது கைமாற்ற வேண்டும் என்பன அறவியல் சார்ந்த வினாக்களாகும். அவற்றை மிகச் சாதாரணமான ஒரு வேலையை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வட அமெரிக்கக் குளிர்ப்பிரதேசங்களில், வீட்டுத் தோட்டத்து உழவு இயந்திரத்தின் இணைகருவிகளைப் பருவத்துக்குப் பருவம் மாற்றும் வேலையே அது.

இவ்வியந்திரம் பற்றிச் சிறு விளக்கம் வேண்டப்படும். இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவிலும் கனடாவிலும் நகரின் புறத்தே பரந்த காணிகளில் வீடமைத்து வாழும் வழக்கம் பெருகியது. வீட்டைச் சூழப் புற்றரை. தெருவிலிருந்து வாயில் வரை நீண்ட வண்டிப்பாதை. கோடையிற் புல்லை வெட்டவேண்டும்; குளிர்காலத்திற் பாதையிற் குவியும் பனியை அகற்றவேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒரே இயந்திரத்தால் நிறைவேற்றும் பொருட்டு, வயலில் ஓடும் உழவு இயந்திரத்தின் சிறிய வடிவங்கள் சந்தைக்கு வந்தன. இன்ரநாஷனல் ஹாவெஸ்ரர் நிறுவனம் 7 பரிவலுக் கொண்ட ‘கப் கடெற்’ இயந்திரத்தை 1961இல் வெளியிட்டது. ஜோன் டியர் நிறுவனத்தின் 110ஆம் இலக்க இயந்திரம் 1963இல் அதனைப் பின்தொடர்ந்தது. அக்காலத்து இயந்திரங்கள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றை அன்று புதிதாக வாங்கியோரிற் பெரும்பாலார் இன்றில்லை.

கோடையில் முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் இடையே, இயந்திரத்தின் அடியில், சுழலும் அலகுகளைக் கொண்ட புல்வெட்டும் தட்டுத் தொங்கும். இலையுதிர்காலம் முடியும் வேளையில் அதனைக் கழற்றி, முன்புறத்திற் பனியைத் தள்ளும் தகட்டையோ, பனியை வாரித் தொலைவில் வீசும் பொறியையோ பொருத்துவர். பின் சில்லுகளுக்குச் சங்கிலி பூட்டி, அவை வழுக்காதிருக்கப் பாரக்கட்டிகளையும் சேர்ப்பர். இளவேனிலில் இவையாவும் மீளக் கழற்றப்பட்டுப் புல்வெட்டும் தட்டுப் பழைய இடத்துக்கு வரும். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேலை செய்யும்போது எளிதன்று. பெரிய புல்வெட்டும் தட்டு நூறு இறாத்தலைத் தாண்டும். பனிவீசும் பொறி அதனினும் பாரமானது. முழந்தாளிட்டோ நிலத்திற் கிடந்தோ ஆணிகளைக் களையவேண்டும். பட்டியைக் கப்பியிலிருந்து விடுவிக்கவேண்டும். துளையோடு துளை நேர்படும்வரை ஒரு கையாற் பாரத்தை உயர்த்தி, மறு கையால் ஆணியைச் செருகவேண்டும்.

இவ்வேலையின் தனித்தன்மை யாது? இயந்திரம் மனித உழைப்பைக் குறைத்தது என்போம். உண்மையில் அது உழைப்பின் பெரும்பகுதியை ஆண்டில் இரண்டு நாட்களுக்குள் திரட்டி வைத்துள்ளது. ஏனைய நாட்களில் உரிமையாளர் இருக்கையில் அமர்ந்து சுக்கானைப் பிடித்தாற் போதும். எழுபது வயதினரும் நாற்பது வயதினரும் அவ்விருக்கையில் ஒப்பானவரே. அவ்விரு நாட்களில் மாத்திரம் அவர் இருக்கையை விட்டிறங்கி நிலத்தில் முழந்தாளிடுகிறார். பாரம் சென்ற ஆண்டின் பாரமே. ஆணி அதே ஆணி. துளை அதே துளை. மாறியிருப்பது அவரது உடல் ஒன்றே. சிறிது சிறிதாக வருவதால் உணரப்படாத முதுமை, மாறாத அளவுகோலொன்றின் முன் நிறுத்தப்படும்போது மறைக்க முடியாததாகிறது. உறவினர் முகமன் கூறுவர். கண்ணாடியும் பழக்கத்தால் ஏமாற்றும். இரும்பு அவ்வாறு செய்வதில்லை.

இச்சான்றினை எதிர்கொள்ளும் முதலாவது வழி மனவுறுதியால் அதனை மறுத்தலாகும். “இதுவரை செய்தேன், இவ்வாண்டும் செய்வேன்” என்பார் முதியவர். இதனை வெறும் வீம்பெனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. தன் வேலையைத் தானே செய்தல் அச்சமூகத்தில் ஓர் ஒழுக்கமாகவே வளர்ந்தது. 1841இல் வெளியான எமேர்சனின் தன்னம்பிக்கை பற்றிய கட்டுரையும், 1854இல் வெளியான தோரோவின் ‘வால்டன்’ என்னும் நூலும் அவ்வுணர்வின் புகழ்பெற்ற வெளிப்பாடுகளாம். ஆயினும் இவ்வழியின் குறையை உரோமர் அன்றே கண்டனர். கி.மு. 44இல் முதுமை பற்றிச் சிசெரோ எழுதிய உரையாடலில், கிறோற்றன் நகரத்து மல்லன் மைலோ முதுமையில் தன் தோள்களைப் பார்த்து அழுத செய்தி வருகிறது. உரையாடலின் தலைவரான கேற்றோ அவனை இகழ்கிறார். இளமையில் யானையின் வலிமையை ஒருவன் விரும்பாதவாறே முதுமையில் இளைஞனது வலிமையையும் விரும்பவேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

கேற்றோவின் வாதம் முழு நிறைவைத் தரவில்லை. யானையின் வலிமை எம்மிடம் ஒருபோதும் இருந்ததில்லை. இளமையின் வலிமை இருந்தது. இருந்ததை இழந்தவன் துயரமும் இல்லாதவன் நிலையும் ஒன்றல்ல. எனவே முதியவரின் மனவருத்தத்தை அறியாமையெனக் கொள்ளாது, உண்மையான இழப்பின் துயரமெனவே கொள்ளல் தகும். ஆனால் துயரம் உண்மையானதாக இருப்பதனால் அதிலிருந்து பிறக்கும் செயலும் சரியானதாகிவிடாது. தனியே பாரந்தூக்கி முதுகெலும்பை முறித்துக்கொள்பவர் தம்மை மட்டும் பணயம் வைப்பதில்லை. தம்மைப் பின்னர் பராமரிக்கப்போகும் மனைவியின், மக்களின் ஆண்டுகளையும் அவர்களைக் கேளாமலே பணயம் வைக்கிறார். பிறரைச் சாராதிருக்க விரும்பியவர் அதனாலேயே முற்றாகப் பிறரைச் சாரும் நிலையை அடைதல் முரண்பாடன்றோ?

இரண்டாவது வழி உபாயம். பாரத்தைத் தூக்குவதற்குப் பதிலாக, சிறு சில்லுகள் பூட்டிய பலகையில் அதனை ஏற்றி உருட்டுவர். கூரையின் உத்தரத்திற் கப்பியும் சங்கிலியும் கட்டி உயர்த்துவர். துளைகள் எளிதில் நேர்படத் தரையிற் குறி இடுவர். நிறுவனங்களும் விரைவாகக் கொளுவிக்கொள்ளும் அமைப்புகளைச் செய்துள்ளன. அண்மைக்கால இயந்திரங்கள் சிலவற்றில், நிலத்திற் கிடக்கும் புல்வெட்டும் தட்டின் மீது இயந்திரத்தை ஓட்டிச் சென்றாலே தட்டுத் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஜேர்மானிய உளவியலாளரான போல் பால்ற்ஸ், மார்கிரற் பால்ற்ஸ் ஆகியோர் 1990இல் விளக்கிய கோட்பாடு ஈண்டு நினைக்கத்தக்கது. செய்வனவற்றைத் தெரிந்து குறைத்தல், தெரிந்தவற்றைச் செம்மையாக்கல், இழந்ததை வேறொன்றால் ஈடுசெய்தல் என்னும் மூன்றினாலும் முதுமை சிறக்கும் என்பர் அவர்கள். பியானோக் கலைஞர் ஆதர் றூபின்ஸ்ரைனை அவர்கள் உதாரணமாகக் காட்டுவர். முதுமையில் அவர் குறைந்த உருப்படிகளையே வாசித்தார். அவற்றைக் கூடுதலாகப் பயின்றார். விரைவான பகுதிக்கு முன்னர் வேகத்தைத் தணித்து, பின்வருவது விரைவாய்த் தோன்றச் செய்தார்.

உபாயம் ஏமாற்றன்று. வலிமையின் இடத்தை அறிவு நிரப்புதல் மனிதனுக்கு இயல்பானது. இயந்திரமே அத்தகைய நிரப்பீடுதான். இருக்கையிலிருந்து பனியை அகற்றுபவர், கப்பியாற் பாரத்தை உயர்த்துவதற்கு நாணவேண்டியதில்லை. ஆயின் உபாயம் எல்லையுடையது. கப்பியின் சங்கிலியை இழுக்கவும் ஒரு கை வேண்டும். பலகையை உருட்டவும் ஒருவர் குனியவேண்டும். உபாயம் காலத்தைத் தள்ளிவைக்கும், வினாவைத் தீர்க்காது.

மூன்றாவது வழி பணம். இரண்டாவது இயந்திரமொன்றை வாங்கி, ஒன்றிற் புல்வெட்டியையும் மற்றதிற் பனிவீசியையும் நிலையாகவே விட்டுவிடுவர் சிலர். வேறு சிலர் கூலிக்கு ஆளமர்த்துவர். இதில் அறப்பிழை ஏதும் இல்லை. எனினும் இது வசதி படைத்தோர்க்கே உரிய விடையென்பது ஒருபுறமிருக்க, இதனால் நிகழும் இழப்பொன்றும் உண்டு. எந்த ஆணியை முதலிற் களைவது, பட்டி எப்பக்கம் முறுகும், எத்துளை சற்றுச் சாய்ந்தது என்பன நாற்பது ஆண்டுகள் கைகளிற் சேர்ந்த அறிவு. பணம் கொடுத்து வேலையைத் தவிர்க்கும்போது அவ்வறிவு எவரிடமும் சென்றடையாது அவரோடு முடிந்துவிடுகிறது.

எஞ்சியிருப்பது நான்காவது வழி: உதவி கேட்டல். யாவற்றினும் மலிவானதாகிய இதுவே பலருக்கு யாவற்றினும் அரிதாய் இருக்கின்றது. இதற்கு மெய்யியலும் ஓரளவு பொறுப்பாகும். அரிஸ்ரோட்டில் தமது ‘நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்’ நூலில் வருணிக்கும் பெருந்தகையாளன் நன்மை செய்வதில் மகிழ்வான். நன்மை பெறுவதற்கு நாணுவான். கொடுப்பது மேன்மையென்றும் பெறுவது தாழ்வென்றும் கருதும் இம்மனப்பான்மையை அலஸ்டெயர் மக்கின்ரயர் 1999இல் வெளியிட்ட நூலிற் கண்டித்தார். மனிதர் குழவிப்பருவத்திலும் நோயிலும் முதுமையிலும் பிறரைச் சார்ந்தே வாழ்கின்றனர். ஆகவே சார்ந்திருப்பதை ஒப்புக்கொள்வதும் ஒரு நற்பண்பே என்பது அவர் கொள்கை. எமது துணிபும் அதுவே. ஆயின் அதனை ஒரு வேறுபாட்டோடு கூறவேண்டும். ஒரு வேலையைச் செய்தல் என்பதில் இரண்டு கூறுகள் உள்ளன. பாரத்தைத் தாங்குதல் ஒன்று. எப்பொழுது, எவ்வாறு, எதற்காகச் செய்வதெனத் தீர்மானித்தல் மற்றொன்று. முன்னதைப் பிறரிடம் ஒப்படைத்தவர் பின்னதை இழந்தவராகார். கைகளைக் கடன் பெறலாம்; தீர்ப்பைத் துறக்க வேண்டியதில்லை.

இவ்வேறுபாடு இரு தரப்பினர் மீதும் கடமைகளைச் சுமத்துகிறது. உதவவரும் இளையவர், “நீங்கள் தள்ளி நில்லுங்கள்” எனக்கூறி வேலையைப் பறித்துக்கொள்வாராயின் அவர் பாரத்தோடு மதிப்பையும் எடுத்துச் செல்கிறார். அரை மணியில் முடிவதை ஒரு மணியிற் செய்யும் பொறுமையே அவ்வுதவியின் பெரும்பகுதி. முதியவரது கடமையும் சிறிதன்று. தம் அறிவை மறைக்காது சொல்லிக்கொடுத்தல் வேண்டும். அதனினும் கடினமானது, கற்றவர் ஒருநாள் வேறு ஒழுங்கில் அவ்வேலையைச் செய்யும்போது குறுக்கிடாது இருத்தலாகும். இவ்விடத்தில் தீர்ப்பும் கைமாறுகிறது. பறிக்கப்படுவதற்கும் கொடுக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாடே இங்கு முக்கியமானது. பறிக்கப்பட்டவருக்கு எஞ்சுவது வெறுமை; கொடுத்தவருக்கு எஞ்சுவது உறவு.

“உதவி கேட்பதற்கு அருகில் எவரும் இல்லாதவர் யாது செய்வர்?” என ஒரு தடை எழலாம். தக்க தடையே. மக்கள் தொலைநகரங்களில் வாழ, பெரிய வீட்டிலும் நீண்ட பாதையிலும் தனித்திருக்கும் முதியோர் வட அமெரிக்காவிற் பலர். ஒரு சமூகம் தன் முதியோரை நடத்தும் முறையிலேயே அதன் உண்மை இயல்பு வெளிப்படும் எனச் சிமோன் த பூவா 1970இல் வெளியிட்ட முதுமை பற்றிய நூலில் வாதிட்டார். அவ்வாறாயின் உதவி கேட்கும் பண்பினைத் தனிமனிதருக்கு மட்டும் போதித்தல் போதாது. கேட்கத்தக்க அண்டையயலையும் ஒரு சமூகம் உருவாக்கவேண்டும்.

இது பிறநாட்டார் வினா எனச் சிலர் எண்ணக்கூடும். நம் வயல்களிலும் இருசில்லு உழவு இயந்திரத்துக்குப் பருவ மாற்றம் உண்டு. ‘லாண்ட்மாஸ்ரர்’ என ஒரு வணிகப் பெயராலேயே நம்மவரிற் பலர் அழைக்கும் அவ்வியந்திரம், சேற்றில் இரும்புச் சில்லோடு உழும். அறுவடையின் பின் பெட்டியைக் கொளுவிக்கொண்டு நெல்மூடை ஏற்றும். அவ்வேலைக்கு நான்கு கைகள் இயல்பாகவே கூடிய காலம் இருந்தது. போரும் புலப்பெயர்வும் அக்கைகளைச் சிதறடித்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 12.4 சதவீதத்தினர், அவ்விகிதம் பின்னரும் உயர்ந்துள்ளது. 1983இன் பின் கனடாவுக்கு இளைஞராகச் சென்ற நம்மவரும் அறுபதை அண்மித்தும் கடந்தும் நின்று, தம் வீட்டு வாயிலிற் பனி அள்ளுகின்றனர். “எங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள்” என்னும் பழைய உறுதியை இரு நாட்டிலும் மீளாய்வு செய்யவேண்டிய காலம் இது.

முடிவாக ஒன்று கூறலாம். இணைகருவியை மாற்றுவோர் அறிந்த விதியொன்றுண்டு: முதற்பனி விழுமுன் மாற்றிவிட வேண்டும். பனி விழுந்தபின் மாற்றுபவர் குளிரில் விறைத்த விரல்களோடு, அவசரத்தில், இருளில் அதனைச் செய்ய நேரும். வேலையைக் கைமாற்றுவதற்கும் அவ்விதி பொருந்தும். விழுந்து எழமுடியாத நாளிற் கைவிடப்படும் வேலை கொடையாகாது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் தம்மாற் செய்யமுடியும் என்னும் நிலையிலேயே இன்னொருவரை அருகழைத்து, ஆணியை அவர் கையிற் கொடுப்பவரே தம் முதுமையைத் தாமே நடத்துபவராவர். அவர் இழப்பது பாரந்தூக்கும் உரிமையை மட்டுமே. அதனை எப்பொழுது, எவரிடம், எவ்வாறு ஒப்படைப்பது என்னும் தீர்ப்பு இறுதிவரை அவருடையதாகவே இருக்கும்.