உறையும் உள்ளமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா என்றொரு சிற்றூர் உண்டு. பால்மரக் காடுகளும் அவற்றினூடே லயங்களும் அமைந்த தோட்டப்புறம் அது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையடுத்து மலாயா எங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் தோட்டங்கள் யாவும் முள்வேலியையும் ஊரடங்கையும் ஆயுதக் காவலையும் கண்டன. துரைமார் கைத்துப்பாக்கியின்றி வெளியே இறங்குவது அரிதாயிற்று. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் தொழிலாளர்க்குத் துரையின் முகத்தைக் காட்டிலும் அவர் இடுப்பிலிருந்த தோலுறை முதலில் தெரிந்திருக்கும். அதே துப்பாக்கியை அனுமதியின்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மரங்களிடையே நடப்பவன் பிடிபட்டால், அவசரகால விதிகளின்படி அவனுக்குத் தூக்கு.

இரும்பு ஒன்றே, குண்டும் ஒன்றே. ஒன்று வெளிப்பட்ட உறையில் இருந்தது. மற்றொன்று மறைந்த உறையில் இருந்தது. அனுமதிச் சீட்டின் வேறுபாடு சட்டத்தின்பாற்பட்டது. அறத்தின்பாற்பட்ட வினா வேறு: படைக்கலத்தை மறைத்தல் என்னும் செயல் தன்னளவில் தீதா?

இதற்கு விடை காண்பதற்கு முன், உறை என்பது யாது செய்கிறது என அறிதல் வேண்டும். கைத்துப்பாக்கிக்கு உறை தேர்வோர்க்குச் சில விதிகள் உண்டு. விசையை முற்றிலும் மூடிக் காப்பது முதல் விதி. நாட்பட்டு நெகிழ்ந்த தோலின் விளிம்பு விசைக்கூட்டுக்குள் மடிந்து நுழைந்து, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போதே அது வெடித்து உடையவனின் தொடையைத் துளைத்ததுண்டு. ஓடினும் குனியினும் விழுந்துவிடாத பிடிப்பு வேண்டும். பிறர் கை பட்டால் எளிதில் வாராதவாறு வாரோ பூட்டோ வேண்டும். ஆடையின் மேல் வடிவம் தெரியாதிருக்கவும் வேண்டும். இத்தனைக்கும் மேலாக, உடையவன் கை நீட்டிய கணமே அது வெளிவர வேண்டும்.

இவ்விதிகள் ஒன்றோடொன்று பொருதுவன என்பதை விரைந்து படிப்போர் காண்பதில்லை. பிறர் கண்ணுக்கு மறைவு, பிறர் கைக்கு எட்டாமை, தன் கைக்கு விரைவு ஆகிய மூன்றையும் ஒருசேர நிறைவிக்கும் உறை அரிது. தன் கைக்கு எளிதானது குழந்தையின் கைக்கும் எளிதாகிவிடுகிறது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. இளந்தாய் ஒருத்தி உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைக் கைப்பையில் வைத்திருந்தாள். துப்பாக்கியை மறைத்து வைப்பதற்கென்றே தனியறை தைக்கப்பட்ட பை அது. தள்ளுவண்டியில் அமர்ந்திருந்த அவளுடைய இரண்டு வயது மகன் அவ்வறைக்குள் கையிட்டான். குண்டு பாய்ந்து அவள் அங்கேயே இறந்தாள். கள்வன் கண்ணுக்கு அஞ்சிச் செய்யப்பட்ட மறைவு அது; அருகிலிருந்த பிள்ளையின் கையை அது எண்ணவில்லை.

ஆயினும் இது கவனக்குறைவைப் பற்றிய செய்தியே என்று ஒருவர் வாதிடலாம். பூட்டை இன்னும் வலிதாக்கினால் தீர்ந்துவிடும் குறை என்பார் அவர். மறைத்தலின் அறக்கேடு அங்கே தொடங்குவதன்று. அது எதிரே நிற்பவனைப் பற்றியது. கூடா நட்பைப் பற்றிக் கூறுமிடத்து வள்ளுவர், பகைவர் தொழுகின்ற கைக்குள்ளும் படை ஒடுங்கியிருக்கக்கூடும் என எச்சரித்தார். 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, தில்லியில் வழிபாட்டுக்கு நடந்து சென்ற காந்தியடிகளின் எதிரே வந்த கோட்சே வணங்கினான். பின்னர் பெரெட்டா கைத்துப்பாக்கியால் மும்முறை சுட்டான். அன்று வீழ்ந்தது ஓருயிர். வணக்கம் என்னும் வழக்கமும் அன்று காயமுற்றது. அதன்பின் தலைவர் ஒருவரை அணுகிக் கைகூப்புவோர் அனைவரும் சோதனைக்குரியோர் ஆயினர். மறைத்தவன் ஒருவன், ஐயத்தைச் சுமப்போர் பல்லாயிரவர்.

சேக்கிழார் காட்டும் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றில் இச்சிக்கல் இன்னும் ஆழமாகக் கிடக்கிறது. போரில் வெல்லவியலாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடி கட்டிய கவளிகைக்குள் கத்தியை மறைத்து, திருக்கோவலூர் அரண்மனையின் உள்ளறை வரை நுழைகிறான். ஆகம நூலொன்று உரைப்பதாகக் கூறி, மன்னர் தாழ அமர்ந்து வணங்கும் வேளையில் குத்துகிறான். பாய்ந்து வந்த காவலன் தத்தனை மன்னர் தடுத்து, அவனை ஊர் கடத்தி விடுமாறு பணிக்கிறார். கத்தியைப் பொதிந்திருந்த உறை சுவடி. அச்சுவடிக்கு உறையாயிருந்தது திருநீற்றுக் கோலம். மன்னர் அக்கோலத்தை மதித்தார். மன்னரின் பெருமையைப் போற்றுவோர் பலர். மறுநாள் வாயிலில் நின்ற தத்தனைப் பற்றி எண்ணுவோர் சிலரே. சுவடியேந்தி வரும் அடுத்த அடியாரை அவன் எவ்வாறு உள்ளே விடுவான்?

எனினும் மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளித்தல் முறையன்று. துரையின் வெளிப்பட்ட உறையை நேர்மை என்று கொள்ள இயலுமா? கூலி உயர்வு கேட்க வந்தவன் எதிரே அவ்வுறை நாவின்றியே ஒரு சொல் சொல்லிற்று. வலியவன் படைக்கலத்தைக் காட்டுவான். காட்டுவதே அவனுக்குப் பயன். மெலியவனோ காட்டினால் பறிகொடுப்பான், அல்லது முதலில் தாக்கப்படுவான். அமெரிக்க நாட்டின் வரலாறு இங்கே நோக்கத்தக்கது. 1813ஆம் ஆண்டில் கெண்டக்கியும் லூசியானாவும் படைக்கலத்தை மறைத்துச் செல்வதைத் தடை செய்தன. வெளிப்படையாக அணிவதை விட்டுவிட்டன. நேர்மையாளன் ஒளிக்கமாட்டான் என்பது அக்காலத்தார் கொள்கை. இன்றோ அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமின்றியே மறைத்துச் செல்லலாம். வெளிப்படக் காட்டுதல் பிறரை அச்சுறுத்தும். மறைத்தலே நாகரிகம் என்ற எண்ணம் அங்கே பரவியுள்ளது. ஈரெண்ணங்களிலும் ஒரு பகுதி உண்மை இருப்பதாலேயே இவ்வினா இன்னும் முடியாமல் கிடக்கிறது.

மறைப்பவன் எதிரே இருப்பவனிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறான். தன்னைக் காத்துக்கொள்ளவோ விலகிச் செல்லவோ வேண்டிய அறிவு அது. அவ்வாறு பறித்தமைக்குக் காரணம் கூறும் கடன் மறைத்தவனைச் சார்கிறது. தற்காப்புக்கே மறைத்தேன் என்பவனும் அக்கடனிலிருந்து தப்புவதில்லை. ஆனால் கடன் கூறுமாறு ஒருவனைக் கேட்டால், அவன் கூறுவதைக் கேட்டு நிறுக்கும் கடன் கேட்டவரைச் சார்ந்துவிடுகிறது. ஓர் உறையில் இரு கத்தி இராது என்பது பழமொழி. மறைந்த துப்பாக்கியின் உறையிலோ இரண்டு பொருள் இருக்கின்றன: கருவி ஒன்று, கருத்து ஒன்று. சோதிப்பவன் கைக்கு அகப்படுவது கருவி மட்டுமே.

மலாயாத் தமிழர் இதனை நூலில் கற்கவில்லை. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரவாங் அருகே பிடிபட்டார். அவரிடம் ஒரு சுழல்துப்பாக்கியும் ஆறு குண்டுகளும் இருந்தன. அதனைக் காவல்துறையிடம் ஒப்படைக்கவே எடுத்துச் சென்றதாக அவர் கூறினார். அச்சொல் உண்மையாகவும் இருக்கலாம், உயிர் காக்கும் சாக்காகவும் இருக்கலாம். அவ்விதி அத்தகைய ஐயத்துக்கு மிகச் சிற்றிடமே விட்டிருந்தது. துப்பாக்கியைத் தாங்கியிருந்ததே குற்றம். குற்றத்துக்கு மரணமே தண்டனை. மார்ச்சுத் திங்களில் தீர்ப்பு. இந்திய அரசு பரிந்து பேசியும் பயனில்லை. மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கு. தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகப் பேசிய ஒருவரின் உள்ளத்தில் இருந்தது யாது என ஆராய்வதற்கு அரசு ஒதுக்கிய காலம் மிகக் குறைவு.

அதே விதியின்கீழ் ஜொகூரில் சாம்பசிவம் என்பவர் மீதும் வழக்கு வந்தது. துப்பாக்கி தாங்கியமை ஒரு குற்றச்சாட்டு. குண்டுகள் வைத்திருந்தமை மற்றொன்று. முதல் விசாரணையில் குண்டுகளைப் பற்றிய குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றச்சாட்டு மறுவிசாரணைக்குச் சென்றது. அங்கே அவருடையதென ஒரு வாக்குமூலம் முன்வைக்கப்பட்டது. துப்பாக்கி, குண்டுகள் ஆகிய இரண்டையும் ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தீர்ப்பை நீக்கிற்று. விடுதலைத் தீர்ப்பு மீண்டும் அதே குற்றத்துக்கு விசாரிப்பதைத் தடுப்பதோடு நில்லாது. அரசையும் அது கட்டுப்படுத்தும். ஒருமுறை இல்லையென முடிந்ததை மறுவழக்கில் உண்டென்று காட்டலாகாது என்பது அவர்களின் முடிவு. காமன்வெல்த்து நாடுகளின் வழக்குமன்றங்களில் இன்றும் அவ்வழக்கு எடுத்தாளப்படுகிறது. சாம்பசிவம் குற்றமற்றவர் என்று இலண்டனில் எவரும் மெய்ப்பிக்கவில்லை. உறைக்குள் இருந்த கருத்தை அவர்களும் கண்டாரல்லர். காணாத ஒன்றைக் கண்டதாகக் கொண்டு கயிற்றை இழுக்கலாகாது என்ற அளவிலேயே நின்றனர்.

அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. ஆயினும் அதே ஆண்டு வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பகுதிகளில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போர்க்குக் கட்டாய மரண தண்டனையைத் தொடர்ந்தது. அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. குற்றம் புரிகையில் துப்பாக்கியால் சுடுவோர்க்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த மரணமும், 2023 முதல் கட்டாயமாக இல்லாமல் நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும், எதற்காக, எவரை நோக்கி, எந்நிலையில் என்று கேட்டுவிட்டுத் தண்டனையை அளக்க இப்போது அவருக்கு இடமுண்டு. கணபதியின் வழக்கில் அக்கேள்விக்கு விடையாக அவர் சொன்ன ஒரே வாக்கியம் பதிவில் கிடக்கிறது.